ஒம்பதாம் கட்டில்

ஒக்காரு தாயி, ஒக்காரு. இந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சை ஆரும் பட்டா போட்டு வாங்கிக்கிடல. நீ எதுக்கு வந்திருக்க? பொறப்புச் சான்றிதழா? அது அந்தக் கடைசி ரூமு. அந்த ஆளு பதினோரு மணிக்குத்தான் வருவாரு. வந்த ஒடனே டீக்குடிக்கப் போயிருவாரு. அதனால நிதானமா ஒக்காரு.

நானா? என்னைய விசாரணைக்குக் கூப்புட்டிருக்காக. ஏன் தள்ளி ஒக்கார்ற? குத்தவாளி நான் இல்ல. மனுக் குடுத்தவ நான். புகார்தாரர் சீனியம்மான்னு கடுதாசியில அச்சடிச்சுப் போட்டுருக்கான், வேணும்னா பாரு. ஒரு நர்சு மேல மனுக் குடுத்துருக்கேன். எப்சின்னு பேரு. சின்ன வயசுதான், எம் மக வயசுதான் இருக்கும். வாயி மட்டும் அருப்புக்கோட்டை வரைக்கும் நீளும்.

பெத்த தாயப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டா தாயி. முப்பது கட்டிலு போட்ட பிரசவ வார்டு. நோயாளி, கூட இருக்கவ, கூட்டிப் பெருக்குறவ, அம்புட்டுப் பேரும் கேக்கச் சொன்னா. என்ன வார்த்தைன்னு பெறகு சொல்றேன். மொதல்லருந்து கேளு. அப்பத்தான் ஞாயம் ஆரு பக்கம்னு ஒனக்குத் தெரியும்.

எம் மக தங்கமாரி. ஒத்த மக. எட்டு மாசக் கர்ப்பத்துல செக்கப்புக்குக் கூட்டியாந்தா, ரத்தம் ஆறு புள்ளிதான் இருக்கு, இப்பிடியே பிரசவத்துக்கு விட முடியாது, ரெண்டு பாட்டுலு ஏத்தணும், பெட்டுல சேருன்னுட்டாக. சேத்தேன். பதினாலாம் நம்பர் கட்டிலு குடுத்தாக. கட்டிலப் பாக்குறேன், தலமாட்டு நேரா வடக்க இருக்கு.

சிரிக்காத. ஒங்க வீட்டுல வடக்க தல வச்சுப் படுக்க விடுவாகளா? விடமாட்டாகள்ல? மரணம் வடக்குன்னு சும்மாவா சொல்லி வச்சிருக்காக. நல்லா இருக்கவளே படுக்கக் கூடாதுங்குறப்ப, ரத்தமில்லாத புள்ளத்தாச்சிய எப்பிடிப் படுக்கவைக்க? நான் என்ன செஞ்சேன், தலகாணிய எடுத்துக் கால்மாட்டுல போட்டு, மகளத் திருப்பிப் படுக்கவச்சேன். அந்த எப்சி வந்தா. "அம்மா, ஆக்சிஜன் குழா, டிரிப்ஸ் ஸ்டாண்டு எல்லாமே செவுத்துப் பக்கம்தான் இருக்கு, இப்பிடித் திருப்பிப் படுக்க வச்சா நான் எப்பிடிப் பாக்குறது"ன்னு திரும்ப வடக்கயே தள்ளிட்டா. எனக்கு எப்பிடி இருக்கும்? ரவ்வும் பகலும் எம் மக தலையில கைய வச்சுக்கிட்டே ஒக்காந்துருந்தேன்.

மூணு நாளு. ரத்தம் இந்தா வருது அந்தா வருதுங்குறாக, வரக் காணோம். ஏன் வரல? கட்டிலு அப்பிடி. வேற என்ன காரணம் இருக்க முடியும், நீயே சொல்லு.

எதுத்த வரிசையில ஒம்பதாம் நம்பர் கட்டிலு. தலமாட்டு தெக்க. ராசாத்தி மாதிரி கட்டிலு. அதுல செவ்வந்தின்னு ஒரு புள்ள கெடந்தா. காரியாபட்டிப் பக்கம். கூடத் தொணைக்கு ஆளு கெடையாது. அதுக்கும் ரத்தக் கொறச்சல்தான். என்ன சொன்னாலும் சரிங்கம்மா, சரிங்கம்மாங்கும். நாலாம் நாளு காலையில எட்டு மணிக்கு டூட்டி மாறும்ல, அந்த நேரம் நர்சுக எல்லாம் மேசையில நோட்டப் பாத்துக்கிட்டு நிப்பாக. நான் செவ்வந்திகிட்டப் போனேன். ரெண்டு வாழப்பழத்தக் குடுத்தேன். "ஏத்தா, பதினாலாம் கட்டிலுக்கு நல்லாக் காத்து வருது, நீ அங்க போயிப் படுத்துக்கிறியா"ன்னேன். சரிங்கம்மான்னா. முடிஞ்சது. போர்வ, தூக்குச்சட்டி, செம்பு, எல்லாத்தையும் நானே தூக்கி மாத்தி வச்சேன். ஆருக்கு என்ன நட்டம்? அவளுக்குக் காத்து, எம் மகளுக்குத் தெக்கு.

கேஸ் சீட்டா? அது அங்கங்கன கட்டில்ல தொங்குன எடத்துலதான் தொங்குச்சு. காயிதத்துக்கு ஏது தெக்கு வடக்கு? அத எதுக்கு நான் மாத்தணும்?

ஒண்ணு சொல்றேன் கேளு. எம் மக தெக்க தல வச்சு மூணு மணி நேரம் ஆகல, ரத்தம் வந்துருச்சு. அன்னைக்கே, பதினோரு மணிக்கு. எப்சி கையில ஒரு டிரேயி. அதுல செவசெவன்னு பையி. இன்னொரு மூத்த நர்சும் கூட வாராக. நேரா ஒம்பதாம் கட்டிலுக்குத்தான் வந்தாக. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆத்தா இருக்கங்குடியாளேன்னு கையெடுத்துக் கும்புட்டேன்.

"ஒம்பதாம் நம்பர்தானே?"ன்னா. ஆமான்னேன். ஒம்பதாம் நம்பர்தானே அது? நான் பொய்யா சொன்னேன்?

கட்டில்ல தொங்குன சீட்ட எடுத்துப் பையில ஒட்டியிருந்த லேபிளோட வச்சு, இவ ஒண்ணப் பாக்க, அந்தம்மா ஒண்ணப் பாக்க, நம்பரா வாசிக்கிறாக. அந்த நீள நம்பரு நமக்கென்ன வெளங்கும். கடைசியா "பி பாசிட்டிவ்"ன்னாக. அது எனக்கு வெளங்குச்சு. எம் மருமகன் பி பாசிட்டிவ். மொத நாளுதான் ரத்த பேங்குல எம் மகளுக்காக ரத்தம் குடுத்துட்டு வந்தாரு. அப்ப இந்தப் பையி ஆரு ரத்தம்? எம் மருமகன் ரத்தம்தான! புருசன் ரத்தம் பொண்டாட்டிக்குச் சேராம வேற எவளுக்குச் சேரும்? எனக்கு அம்புட்டு நிம்மதி. பையத் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருக்கு. "சுடுதண்ணியில செத்த வச்சு எடுத்துட்டு ஏத்துனா என்ன, புள்ளைக்கு நடுக்கம் குடுக்குமே"ன்னேன். "கைய எடுங்கம்மா, சுடுதண்ணியில வச்சா ரத்தம் கெட்டுரும்"னு ஒரு கத்து. எடுத்துட்டேன். ரத்தம் வருதே, கத்துனாக் கத்திட்டுப் போகட்டும்னு.

பெறகு எப்சி எம் மக கையத் தூக்கிப் பாத்தா. "மணிக்கட்டுல பட்டை கட்டியிருந்தேனே, எங்கம்மா?"ன்னா. பேரு எழுதி ஒரு பிளாஸ்டிக் பட்ட, சேத்த அன்னைக்கு அவதான் கட்டிவிட்டா. "கழண்டு எங்கனயோ விழுந்துருச்சு தாயி"ன்னேன். அந்த மூத்த நர்சம்மா நல்ல மாதிரி. "கட்டிலு நம்பர் சரியா இருக்கு, சீட்டு சரியா இருக்கு, மாட்டி விடு எப்சி, இன்னும் நாலு பேரு இருக்காக"ன்னாக. பாத்தியா, பெரியவுக பெரியவுகதான். இவ கேக்கல. "அவங்க வாயால பேரச் சொல்லட்டும் சிஸ்டர்"னா.

எம் மக அப்பத்தான் கண்ணசந்துருக்கா. மூணு நாளா ஒறங்காத புள்ள. "எழுப்பாத தாயி, நான்தான் நிக்கிறேன்ல, என்ன கேக்கணுமோ என்கிட்டக் கேளு"ன்னேன். "நீங்க சொல்லக் கூடாதும்மா, அவங்கதான் சொல்லணும்"னா. எப்பிடி? பெத்தவ சொல்லக் கூடாதாம்! பேரு வச்சதே நான். வயித்துல இருக்கும்போதே முடிவு பண்ணி வச்ச பேரு. "இவளுக்குத்தான், இவளுக்குத்தான், போடுங்க"ன்னு நான் சொல்லச் சொல்ல, அவ எம் மக கன்னத்தத் தட்டித் தட்டி எழுப்புறா. "உங்க பேரு என்ன? உங்க பேரச் சொல்லுங்க"ன்னு. ஒரு கையில குழா, எம் மக கையில மாட்டப் போற ஊசி மூடியத் தொறந்தாச்சு. மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

எம் மக கண்ணத் தொறந்து, "தங்கமாரி"ன்னா.

அம்புட்டுத்தான். எப்சி மொகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிருச்சு. குழாய இழுத்து மடக்கிட்டா. பையத் திருப்பி லேபிளப் பாக்குறா, எம் மகளப் பாக்குறா, சீட்டப் பாக்குறா. "அப்ப செவ்வந்தி யாரு?"ன்னா. பதினாலாம் கட்டில்லருந்து அந்தப் புள்ள கையத் தூக்குது. "நான்தாங்கம்மா"ங்குது.

எம் மகளுக்கு ஓ பாசிட்டிவாம். பி ரத்தம் அவளுக்குச் சேராதாம். பத்துச் சொட்டு எறங்கியிருந்தாக்கூடப் போதுமாம். குளிரு வந்து, ஒண்ணுக்கு ரத்தமாப் போயி, கிட்னி நின்னு, தாயும் புள்ளையும்... அதெல்லாம் அவ சொன்னது. நான் டாக்டருக்குப் படிச்சவளா? எனக்கென்ன தெரியும்? தெரியாதவகிட்ட மெதுவாச் சொல்றதுதான மொற?

மெதுவாவா சொன்னா? "கட்டில யாரு மாத்துனது?"ன்னா. நான்தான்னேன், எனக்கென்ன பயம். அப்பத்தான் அந்த வார்த்த. கண்ணுல தண்ணி, தொண்ட கிழியக் கத்துறா. "பெத்த மகள நீங்களே கொன்னுருப்பீங்களேம்மா! கொன்னுட்டு, யாரு மேல பழி போட்டுருப்பீங்க?"

கூட்டுறவ வெளக்குமாத்த நிறுத்திட்டுப் பாக்குறா. எம் மகளும் பாக்குறா.

முப்பது வருசம் தீப்பெட்டி ஆபீசுல லேபிளு ஒட்டுனவ நான். ஒரு பண்டல்ல ஒரே ஒரு பெட்டிக்கு லேபிளு மாறுனாலும் மொத்தப் பண்டலும் திரும்பி வரும். ஆபீசுல எவளை வேணாக் கேளு, சீனியம்மா ஒட்டுனது ஒண்ணு திரும்பி வந்துச்சான்னு. என்னையப் போயி கவனமில்லாதவன்னா எப்பிடித் தாங்குவேன்?

சரி, அதாவது போகட்டும்னு விட்டுருப்பேன். பெறகு நடந்ததக் கேளு. கட்டிலயெல்லாம் பழையபடி மாத்திட்டாக. எம் மக திரும்பவும் வடக்க. அந்தப் பையிய திரும்பச் சரிபாத்துச் செவ்வந்திக்கு ஏத்துனாக. எம் மகளுக்கு உள்ளது மூணு மணிக்கு வந்துச்சு. திரும்ப எப்சிதான். திரும்பப் பேரக் கேக்குறா. தெரிஞ்ச பேரத்தான் கேக்குறா! எம் மகளும் ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி, பேரு, புருசன் பேரு, ஊரு எல்லாஞ் சொல்றா. ஏத்தி விட்டுட்டு அங்குட்டு இங்குட்டு நகரல அவ. கால் மணி நேரம் எம் மக கையப் புடிச்சு, நாடியப் பாத்துக்கிட்டு, "குளிருதா? முதுகு வலிக்குதா? மூச்சு முட்டுதா?"ன்னு கேட்டுக்கிட்டே நிக்கிறா. நானும் நிக்கிறேன் இந்தப் பக்கம். நான் பெத்த கையி அது. அந்தப் பக்கம் நிக்கிறதுக்கு எடமில்ல எனக்கு.

அப்ப எம் மக சொல்றா, என்னையப் பாத்துச் சொல்லல, அவளப் பாத்துச் சொல்றா. "சிஸ்டர், எங்கம்மா கொஞ்ச நேரம் வெளிய இருக்கட்டும்."

இதச் சொல்லிக் குடுத்தது ஆரு? எம் மக அப்பிடிச் சொல்றவளா? இருவத்தாறு வருசத்துல ஒரு நாளு என்னைய வெளிய போன்னவளா? அவதான் எம் மகளக் கலச்சுட்டா. வெளிய வந்து இந்தத் தாழ்வாரத்துலதான் ஒக்காந்தேன். அழுகல. நான் எதுக்கு அழுகணும்? அங்கனயே முடிவு பண்ணிட்டேன், இவள விடக் கூடாதுன்னு.

மனு எழுதுனது எங்க ஊரு பெட்டிசன் மாரியப்பன். அவன் கெட்டிக்காரன். "அத்தே, கத்துனதுக்கெல்லாம் ஆரும் நடவடிக்கை எடுக்க மாட்டாக, வேற ஏதாச்சும் ஓட்டை இருக்கா"ன்னான். "ரத்தம் ஏத்த வந்தப்ப மக கையில பட்டை இருந்துச்சா"ன்னு கேட்டான். இல்லைன்னேன். இல்லதான? அத வச்சு எழுதிட்டான் பாரு, 'அடையாளப் பட்டை கட்டாமல் அலட்சியமாக இருந்து, நோயாளியின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில்'னு. அவ கத்துனதத்தான் நான் பெருசா நெனச்சேன். ஆபீசருக அதக் கண்டுக்கவே இல்ல. பட்டையத்தான் புடிச்சுக்கிட்டாக. அவ ஒப்பந்த நர்சு போலருக்கு, நெரந்தர வேல கெடையாது. ரெண்டு மாசமா வேலைக்கு வர வேணாம்னு நிறுத்தி வச்சுருக்காக. இன்னைக்கு விசாரணையில பட்ட கட்டலன்னு முடிவாயிட்டா, மொத்தமாப் போச்சு. வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் எடுக்க மாட்டாகளாம்.

கட்டுனேன் கட்டுனேன்னு அவ சொல்றா. எத வச்சுக் காட்டுவா? பட்ட இல்லையே.

ஏன் தாயி அப்பிடிப் பாக்குற? நீ கேக்குறது வெளங்குது. வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான.

ஆமா. கட்டுனா. நான்தான் வெட்டுனேன். கேட்டுக்க. டிரிப்ஸ் ஏறி ஏறி எம் மக கையி பொதபொதன்னு வீங்கிப் போச்சு. பட்ட தோலுக்குள்ள பதிஞ்சு கெடக்கு. இருக்கங்குடிக் கோயில் கயிறு கட்டவும் எடமில்ல. பழம் வெட்டுற கத்திய வச்சு மெதுவா அறுத்து, வாழப்பழத் தோலோட சேத்துக் குப்பத் தொட்டியில போட்டேன். தாயி பக்கத்துலயே நிக்கிறப்ப, எம் மகளுக்குப் பேரு எழுதிக் கட்டணுமா? அவ என்ன சந்தையில கட்டிக் கெடக்குற ஆட்டுக்குட்டியா? இதுல என்ன தப்பு?

மருமகனுக்குத் தெரியும். "வாயத் தொறக்காதீக அத்தே, பொய் மனுன்னு ஒங்க மேலயே கேஸத் திருப்பிருவாக"ன்னாரு. தொறக்கல. இந்த ரெண்டு மாசத்துல அவர விட்டா ஒங்கிட்டத்தான் மொதத் தடவ சொல்றேன். மூணாவது ஆளுக்கும் தெரியும். அறுக்கும்போது எம் மக கண்ண மூடித்தான் கெடந்தா, ஒறங்குறான்னு நெனச்சேன்.

அங்க பாரு. அந்தப் பக்கத்துப் பெஞ்சுல, பச்சச் சேல, மடியில புள்ள. அவதான் தங்கமாரி. பக்கத்துல ஒக்காந்து புள்ளைக்குத் துணிய விசிறிக்கிட்டு இருக்காளே, அவதான் எப்சி. பாத்தியா கூத்த! எனக்குப் பேரன் பொறந்து நாப்பத்தெட்டு நாளாச்சு. நல்ல பிரசவம், ரெண்டே முக்கால் கிலோ. நான் குளிப்பாட்டப் போனா, "நீ தள்ளும்மா, நான் பாத்துக்கிறேன்"ங்குறா. எம் மக என்னோட பேசுறதே ஆமா, இல்ல, அம்புட்டுத்தான். முந்தாநேத்துத்தான் முழுசா ஒரு வார்த்த பேசுனா. "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"ன்னா. அடுப்புல கொழம்பு இருந்துச்சு, அதக் கிண்டிக்கிட்டே இருந்தேன். இன்னைக்குக் காலையில நான் எந்திரிக்குமுன்னயே பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டா.

எனக்கு எதுரா சாட்சி சொல்ல வந்திருக்கா தாயி. நான் பெத்தவ.

அந்த ஆபீசரு இருக்காருல்ல, கண்ணாடி போட்டவரு, மொதல்ல என்னையத்தான் கூப்புடுவாராம். பெறகு எப்சி. அதுக்குப் பெறகுதான் வேற சாட்சிக. பியூனுகிட்டக் கேட்டு வச்சுட்டேன்.

நீ என்ன நெனச்சுக்கிட்டு இருக்க, நான் பயந்துக்கிட்டு ஒக்காந்துருக்கேன்னா? கேஸு போடட்டும். போட்டா என்ன, தூக்குலயா போடப் போறான்? மன்னிப்புக் கேளுன்னா கேக்க மாட்டேன். அந்த வார்த்தைய அவ சொன்னா, இல்லைன்னு சொல்லட்டும் பாப்போம். வடக்க தல வைக்கக் கூடாதுன்னு நான் சொன்னதும் சொன்னதுதான், அதுலயும் மாத்தமில்ல. நாளைக்கு நீ ஒம் மகள இங்கன சேத்தாலும் நான் அதத்தான் சொல்லுவேன். கட்டில மட்டும் நீயா மாத்தாத. நர்சுகிட்டச் சொல்லி மாத்து. அவ மாத்தலைன்னா சண்ட போடு. நீயா மாத்தாத.

இந்தா, எம் பேரக் கூப்புடுறாக. பைய செத்தப் பாத்துக்க தாயி, பேரனுக்குத் துணி இருக்கு உள்ள. நான் போயிச் சொல்லப் போறேன். கட்டுனா, நான் அறுத்தேன், கத்திய வச்சு அறுத்தேன்னு. எப்சிக்காகன்னு நெனச்சுக்கிறாத. அவளுக்கு நான் எதுக்குச் சொல்லணும்? எம் மக உள்ள வந்து அதச் சொல்லக் கூடாது. பெத்தவளக் காட்டிக் குடுத்தவன்னு ஊரு நாளைக்கு அவளச் சொல்லும். அந்தப் பேரு எம் மகளுக்கு எதுக்கு?